ரூட்டரில் நாடு மாறியிருந்தால்: வைஃபை கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிற்றூர்களில் வைஃபை சரியாக வரவில்லை என்றால் பழி முதலில் லைன் மீதும் அதற்கடுத்து மழை மீதும் விழுகிறது. இரண்டுமே காரணமாக இருக்கக்கூடும். ஆயினும், சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் கொண்டுவந்தது, லண்டனில் படிப்பை முடித்துத் திரும்பிய மகள் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தது, ஷோப்பி இணையக் கடையில் மலிவாகக் கிடைத்த சீனப் பதிப்பு என வெளிநாட்டு ரூட்டர்கள் புழங்கும் வீடுகளில் நான் திரும்பத் திரும்பச் சரிசெய்ய நேர்ந்தது வேறொரு கோளாறு. ரூட்டர், தான் வேறு நாட்டில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, வீட்டிலுள்ள கருவிகளால் கேட்க முடியாத சேனலில், அதாவது அலைவரிசையின் எண்ணிட்ட ஒரு பகுதியில், ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். லைனுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இருக்காது.

கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனை முதலிலும் பணம் வைக்கும் வழி கடைசியிலும் வருகின்றன. உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகச் செல்லலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிட வேண்டும்.

## எதையும் தொடுவதற்கு முன்

ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் நுழைவு முகவரியும் கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலான ரூட்டர்களின் முகவரி 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆகும். உள்ளே நுழைந்ததும் எதையும் மாற்றாமல், வயர்லெஸ் பக்கத்தையும் இணைய இணைப்புப் பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பின்புறத்தில் ஊசியால் குத்தி அழுத்தும் ரீசெட் பொத்தானைத் தொடாதீர்கள். அதை அழுத்தினால் வைஃபை அமைப்போடு சேர்ந்து, சேவை நிறுவனம் உள்ளே எழுதி வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோகும். அதன்பின் சேனல் சரியாக இருந்தாலும் இணையம் வராது.

அடுத்து, வயர்லெஸ் பக்கத்திலோ அதன் கூடுதல் அமைப்புப் பக்கத்திலோ ரீஜன் அல்லது கன்ட்ரி என்ற இடத்தைத் தேடுங்கள். அங்கே மலேசியா என்று இருக்க வேண்டும். மலேசியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1 முதல் 13 வரையிலான சேனல்களைப் பயன்படுத்தலாம். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை, 52 முதல் 64 வரை, 100 முதல் 128 வரை, 149 முதல் 165 வரை என நான்கு தொகுதிகள் உள்ளன. இவற்றுள் நடுவிலுள்ள இரண்டு தொகுதிகளும் ரேடாருடன் பகிர்ந்துகொள்ளப்படுபவை என்பதை நினைவில் வையுங்கள். கீழே வரும் தொல்லைகளில் பாதிக்கு அவையே காரணம்.

## அறிகுறி: மற்ற கருவிகளுக்குத் தெரியும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் ஒரு கருவிக்கு மட்டும் தெரியவில்லை

முதலில், அந்தக் கருவி 5 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்கக்கூடியதுதானா என்று பாருங்கள். மலிவு விலைச் சிசிடிவி, மின் விளக்கை அணைக்கும் ஸ்மார்ட் பிளக், பழைய பிரிண்டர் ஆகியவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. பெட்டியின் மீதே அது எழுதப்பட்டிருக்கும். அப்படியானால் இது கோளாறே அன்று, 2.4 பெயரில் இணைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

பிடிக்கக்கூடிய கருவி என்றால், ரூட்டர் இப்போது எந்தச் சேனலில் இருக்கிறது என்று பாருங்கள். 149க்கு மேல் இருந்து, காணாத கருவி ஜப்பானிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வந்ததாக இருந்தால், காரணம் ஏறத்தாழக் கிடைத்துவிட்டது. ஜப்பானில் வீட்டு வைஃபைக்கு அந்தத் தொகுதி கிடையாது. ஐரோப்பாவுக்கான கருவிகள் பலவும் அதைத் தவிர்த்தே செய்யப்படுகின்றன. கருவி எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டதோ அந்த நாட்டின் விதி அதற்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால், அதன் கண்ணுக்கு அந்தச் சேனல் இல்லாத ஒன்றாகவே இருக்கும். ரூட்டரில் தானியங்கித் தேர்வை நீக்கிவிட்டு, சேனலை 36, 40, 44, 48 ஆகியவற்றுள் ஒன்றாகக் கையால் அமையுங்கள். உலகின் மிகப் பெரும்பாலான கருவிகளுக்கு இந்த நான்கும் தெரியும்.

அப்படியும் தெரியவில்லை என்றால், ரூட்டரின் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 என்பதிலிருந்து டபிள்யூபிஏ2 என்பதற்கு மாற்றிப் பாருங்கள். இதற்கும் நாட்டு அமைப்புக்கும் தொடர்பில்லை. ஆனால் சில பழைய கருவிகளில் அறிகுறி ஒன்றுபோலவே தோன்றும் என்பதால் இங்கே சொல்கிறேன். மடிக்கணினி இதற்கும் மசியாவிட்டால், யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய வைஃபை அடாப்டர் ஒன்றைக் கணினிக் கடையில் வாங்குவது போதும். மடிக்கணினியைத் திறந்து உள்ளிருக்கும் வைஃபை அட்டையை மாற்றலாம் என்று கடைக்காரர் சொன்னால், முதலில் அடாப்டரைச் செருகிப் பார்த்த பிறகே அதற்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

6 கிகாஹெர்ட்ஸ் கொண்ட புதிய ரூட்டர் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. அமெரிக்காவில் 5925 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ் வரை முழுவதும் திறந்துவிடப்பட்டுள்ளது. மலேசியாவில் 5925 முதல் 6425 வரையிலான கீழ்ப்பகுதியே அனுமதிக்கப்பட்டுள்ளது. அமெரிக்கப் பதிப்பு மேல்பகுதிக்குத் தாவினால் இங்கு வாங்கிய கைப்பேசி அதைக் காணாது. 93 அல்லது அதற்குக் குறைந்த சேனலில் நிறுத்திவையுங்கள்.

## அறிகுறி: வாசல் சிசிடிவியும் பிரிண்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸையே காணவில்லை, கைப்பேசிக்கோ தெரிகிறது

ரூட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் உட்கார்ந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் விடை. மலேசியாவில் அவை அனுமதிக்கப்பட்டவைதாம். ஆனால் அமெரிக்காவில் வீட்டு வைஃபை 11 வரை மட்டுமே பயன்படுவதால், அந்தச் சந்தையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட சிறு கருவிகள் அதற்கு மேல் தேடுவதே இல்லை. தானியங்கித் தேர்வில் விடப்பட்ட ரூட்டர், அக்கம்பக்கத்தில் நெரிசல் கூடும் இரவு வேளையில் ஆளில்லாத 13ஆம் சேனலைக் கண்டு அங்கே குடிபோய்விடும். பகலில் நன்றாக இருந்த சிசிடிவி இரவில் மட்டும் காணாமல் போகிறது என்ற புகாருக்குப் பின்னால் பலமுறை இதுவே இருந்திருக்கிறது. வீட்டுக்காரர் அதற்குள் கேமராவைக் கழற்றிப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பத் தயாராகியிருப்பார்.

சேனலை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றில் நிறுத்துங்கள். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். மூன்றில் எது என்பதை வைஃபை அலசும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். தாமான் எனப்படும் குடியிருப்புகளின் வரிசை வீடுகளில் மூன்றுமே நிறைந்திருக்கும். அப்போது பக்கத்து வீட்டுச் சமிக்ஞை எதில் மிகப் பலவீனமாகத் தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இடையிலுள்ள 3, 4, 8 போன்ற எண்களைத் தேர்ந்தெடுத்தால் இரு பக்கத்து இரைச்சலும் சேர்ந்து வரும்.

2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், சிசிடிவியை முதன்முறை இணைக்கும்போது மட்டும் பெயர்களைத் தனித்தனியாகப் பிரித்துவிடுவது நல்லது.

## அறிகுறி: 5 கிகாஹெர்ட்ஸ் எல்லாக் கருவிகளிலிருந்தும் திடீரென மறைந்து, சற்று நேரம் கழித்துத் தானாகத் திரும்புகிறது

இதில் ஏமாறுவோர் மிகுதி. படம் ஓடிக்கொண்டிருக்கும், நின்றுவிடும், பெயரே காணாமல் போகும். சேவை நிறுவனத்தை அழைத்துக் காத்திருக்கும்போதே எல்லாம் பழையபடி ஆகிவிடும். "தம்பி, போன் போட்டாலே லைன் பயந்து வந்துடுது" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது இந்தக் கோளாற்றைப் பற்றித்தான்.

சேனல் 52 முதல் 64 வரையோ, 100 முதல் 128 வரையோ இருந்தால், ரூட்டர் டிஎஃப்எஸ் என்னும் விதிக்குக் கட்டுப்பட்டது. அந்தச் சேனலில் பேசத் தொடங்குவதற்கு முன் அது 60 விநாடி வாயை மூடிக்கொண்டு, ரேடார் ஒலி வருகிறதா என்று கேட்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது ரேடாரைக் கேட்டுவிட்டால் 10 விநாடிக்குள் அந்தச் சேனலை விட்டு வெளியேறி, 30 நிமிடம் அங்கே திரும்பி வரக் கூடாது. ரூட்டரில் ஐரோப்பிய நாடு ஒன்று அமைக்கப்பட்டிருந்தால், வானிலை ரேடார் இருக்கும் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அந்த 60 விநாடி 10 நிமிடமாக நீளும். மின்தடை நீங்கி மின்சாரம் வந்த பிறகும் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் வெகு நேரம் வராத வீடுகளில் இந்த 10 நிமிடத்தையே முதலில் சந்தேகியுங்கள்.

நம் ஊரில் ரேடாரே இல்லையே என்று வாதிடுவதில் பயனில்லை. வேறு ரேடியோ அலை இரைச்சலையும் சில ரூட்டர்கள் ரேடார் என்று தவறாக எண்ணி ஓடும்.

சோதனை எளிது. ரூட்டரின் பதிவேட்டுப் பக்கத்தில் ரேடார் அல்லது டிஎஃப்எஸ் என்ற குறிப்பு, மறைந்த அதே நேரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவேடு இல்லாத ரூட்டரில், மறைவதற்கு முன்னும் பின்னும் சேனல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் மாறியிருந்தால் ஐயம் வலுவாகிறது. பிறகு 36 முதல் 48 வரையிலோ 149 முதல் 161 வரையிலோ கையால் நிறுத்துங்கள்.

சேனல் அகலம் 160 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் 36ஆம் சேனலைத் தேர்ந்தெடுத்தும் பயன் இராது. அந்த அகலம் 64 வரை நீண்டு ரேடார் பகுதியையும் விழுங்கிவிடும். 80க்குக் குறையுங்கள். வீட்டுப் பயன்பாட்டில் அதனால் வரும் வேகக் குறைவை நீங்கள் உணரப்போவதில்லை என்பது என் கருத்து. விளையாட்டுப் பிள்ளைகள் மறுக்கலாம்.

சேனலை நிலைநிறுத்திய பின்னும் மறைவது தொடர்ந்தால், நாட்டு அமைப்பின் மீதான ஐயத்தை விட்டுவிடுங்கள். ரூட்டரின் மின் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தாலோ, இடியுடன் பெய்த மழைக்குப் பிறகே இது தொடங்கியிருந்தாலோ, அதே வோல்ட் அளவும் குறையாத ஆம்பியர் அளவும் கொண்ட வேறு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். அதன்பின்னும் தீராவிட்டால் ரூட்டரை மாற்றும் வேளை வந்துவிட்டது.

## அறிகுறி: நாட்டுப் பட்டியலில் மலேசியா இல்லை, அல்லது அந்த இடமே மங்கலாக இருந்து மாற்ற விடவில்லை

சேவை நிறுவனம் கொடுத்த ரூட்டர் என்றால், அது மலேசியாவுக்கென்றே அமைத்துப் பூட்டப்பட்டிருக்கும். கவலைப்பட ஒன்றுமில்லை, சேனலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வெளியில் வாங்கியதென்றால், அடியிலோ பெட்டியிலோ சிரிம் என்னும் மலேசியத் தரச்சான்று அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வேறு சந்தைக்கான பதிப்பு.

அமெரிக்கப் பதிப்புகளில் நாடு பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டிருக்கும். அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, பயனர் நாட்டை மாற்றி வரம்பை மீற வழி வைத்ததற்காக 2016இல் டிபி-லிங்க் நிறுவனத்திடமிருந்து 200,000 டாலர் பெற்றது. ஆகவே பட்டியலை எங்கோ ஒளித்துவைத்திருப்பார்கள் என்று மணிக்கணக்கில் தேட வேண்டாம்.

பூட்டப்பட்ட ரூட்டரையும் தூக்கி எறியாமல் இங்கு ஒழுங்காகப் பயன்படுத்த முடியும். இரு நாட்டு விதிகளுக்கும் பொதுவான சேனலில் அதைக் கையால் நிறுத்த வேண்டும், அவ்வளவே. அமெரிக்கப் பதிப்பை 2.4இல் 1, 6, 11 ஒன்றிலும், 5இல் 36 முதல் 48 வரையிலோ 149 முதல் 161 வரையிலோ வையுங்கள். தானியங்கித் தேர்வில் விட்டால் அது 132 முதல் 144 வரையிலான சேனல்களுக்குப் போகக்கூடும். மலேசியப் பட்டியலில் 100களின் தொகுதி 128உடன் நின்றுவிடுகிறது. ஐரோப்பியப் பதிப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதில் 149 காணப்படாவிட்டால் 36இல் வையுங்கள். சீனப் பதிப்பில் 100களின் தொகுதி இருக்காது. மற்றவை இங்குள்ளவற்றோடு ஒத்துப்போகும். சீன மொழிப் பட்டியலைப் படிப்பதுதான் அதில் பெரும்பாடு. கைப்பேசிக் கேமராவின் மொழிபெயர்ப்பு அதற்குக் கைகொடுக்கும்.

வேறு நாட்டுக்கான ஃபர்ம்வேரை, அதாவது ரூட்டரின் உள் மென்பொருளை, இறக்கி ஏற்றும் வழியை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே மாதிரிப் பெயர் கொண்ட ரூட்டர்களிலும் உள்ளிருக்கும் வன்பொருள் பதிப்பு வேறுபடும். பொருந்தாத ஃபர்ம்வேர் ஏறினால் விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருக்கும், எதற்கும் பதில் சொல்லாது. அந்த நிலையில் கடைக்காரர் கேட்கும் கூலிக்குப் புதிய ரூட்டரே வாங்கிவிடலாம்.

## அறிகுறி: நாட்டை மாற்றியும் பின்கட்டுச் சமையலறைக்கு எட்டவில்லை

வேறொரு நாட்டைத் தேர்ந்தெடுத்தால் ஆற்றல் கூடும் என்று யாரோ சொல்லிக் கேட்டு மாற்றியவர்களுக்கான பகுதி இது. முதலில் மலேசியாவுக்கே திருப்புங்கள். வீட்டு வைஃபைக்குத் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் மலேசியத் தகவல் தொடர்பு ஆணையமான எம்சிஎம்சி வகுத்த அலைவரிசைக்கும் ஆற்றல் வரம்புக்கும் உட்பட்டே அது இயங்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், பயனும் இல்லை. கோவில் திருவிழா ஒலிபெருக்கி பின்வரிசை வீட்டுப் பாட்டிக்குக் கேட்கும். பாட்டி பதில் சொன்னால் கோவிலுக்குக் கேட்காது. ரூட்டரின் குரலை எவ்வளவு உயர்த்தினாலும் கைப்பேசியின் குரல் உயர்வதில்லை. திரையில் கோடுகள் முழுதாக நிற்கும், பக்கம் மட்டும் திறக்காது.

செலவில்லாத வழி இடமாற்றம். ரூட்டர் தொலைக்காட்சிப் பேழைக்குள்ளோ, சாமி மேடைக்குப் பின்னாலோ, நிலைக்கண்ணாடி அருகிலோ இருந்தால் வெளியே எடுத்து, வீட்டின் நடுப்பகுதியை நோக்கி, தலை உயரத்தில் வையுங்கள். பழைய லயத்து வீடுகளைப் பின்புறமாக நீட்டிக் கட்டியவர்கள் பழைய வெளிச்சுவரையும் தகரத் தடுப்பையும் அப்படியே விட்டிருப்பார்கள். அதைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் போவது அரிது. அங்கே 2.4இல் இணையுங்கள்.

பிறகு செலவு வழி. முன்வாசல் ரூட்டரிலிருந்து சமையலறை வரை ஒரு லேன் கேபிளை இழுத்து, முனையில் இரண்டாவது ரூட்டரை, கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் அக்சஸ் பாயின்ட் முறையில் போடுவதே நிலையான தீர்வு. சுவரில் செருகும் எக்ஸ்டென்டர் மலிவு. ஆனால் சமிக்ஞை ஏற்கெனவே பலவீனமான இடத்தில் செருகினால் அந்தப் பலவீனத்தையே அது பெருக்கித் தரும். கூரைக்கு மேலே கேபிள் இழுக்க வேண்டியிருந்தால் ஆளை வைத்துச் செய்யுங்கள். நனைந்த தகரக் கூரையும் மின்கம்பியும் அருகருகே இருக்கும் இடம் அது.

## அறிகுறி: அக்கம்பக்கம் எல்லாம் நன்றாக இருக்க, மடிக்கணினி மட்டும் சில நாள் சில சேனல்களைக் காண்கிறது, சில நாள் காண்பதில்லை

சுற்றியுள்ள ரூட்டர்கள் தாங்கள் எந்த நாட்டில் இருப்பதாக அறிவிக்கின்றன என்பதைக் கேட்டு, அதன்படித் தன் விதியை அமைத்துக்கொள்ளும் மடிக்கணினிகள் உண்டு. இன்டெல் அட்டைகள் பலவும் அப்படித்தான். ஆப்பிள் கணினியோ நாட்டுக் குறிகள் முரண்படுவதாக வைஃபை பட்டியலிலேயே சொல்லிவிடும். உங்கள் ரூட்டர் மலேசியா என்று சொல்ல, சுவருக்கு அப்பால் இருக்கும் ரூட்டர் வேறு நாட்டைச் சொன்னால், எதை முதலில் கேட்டதோ அதை மடிக்கணினி நம்பிவிடலாம். 36ஆம் சேனலுக்கு மாறுவதே மலிவான மருந்து. அடுத்த வீட்டுக்காரரிடம் பேசி அவர் ரூட்டரிலும் மலேசியாவைத் தேர்ந்தெடுக்கச் செய்வது முழுமையான மருந்து. அதற்குத் தேநீர்ச் செலவு ஆகும்.

## அறிகுறி: வைஃபை தினமும் ஒரே நேரத்தில் அணைந்து, ஒரே நேரத்தில் வருகிறது

இது சேனல் அன்று, நேர மண்டலம். நாட்டு அமைப்பைத் தொட்டவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு தாமான் வீட்டில் பிள்ளைகளுக்காக இரவு 10 மணிக்கு அணைத்து, காலை 6 மணிக்குத் திறக்கும்படி அட்டவணை போட்டிருந்தார்கள். இணையமோ பிற்பகல் 2 மணிக்குப் போய் இரவு 10 மணிக்கு வந்தது. வீட்டுப்பாடம் செய்யும் நேரம் முழுவதும் இணையம் இல்லை; தூங்க வேண்டிய நேரம் முழுவதும் தாராளமாக இருந்தது. மாலை 4.20க்கு ரூட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அதில் நள்ளிரவு 12.20 என்று இருந்தது. அமெரிக்க மேற்குக் கரை நேரம் நமக்கு 16 மணி நேரம் பின்னால். அங்கே கோடைக்கால நேரம் நடக்கும் மாதங்களில் 15. ரூட்டர் கட்டளையைத் துல்லியமாகத்தான் நிறைவேற்றிக்கொண்டிருந்தது.

சிஸ்டம் அல்லது டைம் பக்கத்தில் ஜிஎம்டி +8, கோலாலம்பூர் என்று அமைத்து, கோடைக்கால நேர மாற்றத்தை அணைத்துவிடுங்கள். நேரத்தை இணையத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும் வசதியை இயக்கி வையுங்கள். இல்லையேல் ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னும் கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போகும்.

## அறிகுறி: வைஃபை முழுதாகத் தெரிகிறது, இணைகிறது; இணையம் மட்டும் இல்லை

ஃபைபர் பெட்டியில் லாஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ரூட்டரை விட்டுவிட்டுச் சேவை நிறுவனத்தை அழையுங்கள். கம்பத்திலிருந்து வரும் இழை எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய இயலாது. இழையைக் கழற்றித் துடைத்து மாட்டவும் வேண்டாம்.

விளக்கு சரியாக இருந்து, யாராவது ரீசெட் அழுத்தியிருந்தால், முதலில் எடுத்து வைத்த படத்தைப் பார்த்து இணைப்பு விவரங்களைத் திரும்ப எழுதுங்கள். டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை இணைப்பில், பயனர் பெயர் கேட்டு இணைக்கும் பிபிபிஓஇ (PPPoE) முறையும் இணையத்துக்கு 500 என்ற வீலேன் (VLAN) எண்ணும் தேவை. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கைவசம் இல்லையென்றால் 100ஐ அழைத்துக் கேட்க வேண்டும். கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவருடைய அடையாள அட்டை எண்ணை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தை விட்டு மாறிப்போன உறவினர் பெயரிலேயே லைன் இன்னும் இருக்கும் வீடுகளில், அவரைத் தேடிப் பிடிப்பதற்கே நேரம் போய்விடும்.